கறுப்பின டீச்சர்கள் வேணும்னா காசை எங்க போடணும்? ஒவ்வொரு வழியா எடுத்து பாத்தது

எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (நியூ ஜெர்சி நடுப்பகுதி, ஊர் பேர் வேண்டாம்) பெற்றோர் கமிட்டி ஒண்ணு இருக்கு, ரெண்டு வருஷமா நானும் அதுல இருக்கேன். இந்த தடவை போர்டு எங்க கிட்ட கேட்டிருக்கிறது இதுதான்: கறுப்பின டீச்சர்களை கொண்டு வரவும் அவங்களை தக்க வைக்கவும் ரெண்டு மூணு டீச்சர் சம்பளம் அளவுக்கு ஒரு தொகை ஒதுக்கலாம்னு இருக்கோம், அதை எதுல போடலாம்னு எழுதி குடுங்க. கேக்க சின்ன கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உக்காந்து படிக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு வழிக்கும் ஒரு நல்லது ஒரு கெட்டது இருக்கு, அதனால எனக்கு புரிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இங்க எழுதுறேன்.

நம்ம தமிழ் வாட்ஸப் குரூப்ல இதை போட்டப்போ ஒரு அண்ணா, "நமக்கென்ன இதுல, நம்ம பசங்க நல்லாத்தானே படிக்கிறாங்க"ன்னு கேட்டார். கேக்க வேண்டிய கேள்விதான். கிஃப்டட் ப்ரோக்ராம் (ரொம்ப நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கான தனி வகுப்பு) பத்தி நம்ம ஆளுங்க எவ்வளவு பேசுவோம், அதை வச்சே சொல்றேன். 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரே மாதிரி மார்க் வாங்குற ஒரு வெள்ளைக்கார பையனும் கறுப்பின பையனும் இருந்தா கறுப்பின பையன் கிஃப்டடுக்கு போறது ரொம்ப கம்மியா இருக்கு, முக்கியமா ரீடிங்ல, அதுலயும் டீச்சர் கறுப்பினத்தவரா இல்லாதப்போ. டீச்சர் கறுப்பினத்தவரா இருந்தா அந்த இடைவெளி பெரும்பாலும் மறைஞ்சு போகுது. மார்க் அதேதான், புள்ளையும் அதேதான், பாக்குற கண்ணுதான் வேற. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வுல ஒரே கறுப்பின மாணவரை ரெண்டு டீச்சர்கள் கிட்ட, "இந்த பிள்ளை நாலு வருஷ டிகிரி முடிக்குமா"ன்னு கேட்டிருக்காங்க, கறுப்பின டீச்சரை விட வெள்ளைக்கார டீச்சர் "முடிக்கும்"னு சொல்றதுக்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கம்மி. இப்படிப்பட்ட கண்ணு இருக்கிற கட்டடத்துலதான் நம்ம பிள்ளைங்களும் படிக்குது. இன்னொண்ணு, எல்லா இனத்து பிள்ளைங்க கிட்டயும் கேட்டு பாத்த ஆய்வுலயே வெள்ளையரல்லாத டீச்சர்களை பத்தி பிள்ளைங்க நல்லபடியாத்தான் சொல்லியிருக்காங்க.

பலன் எவ்வளவுன்னா, டென்னசியில 80-கள்ல ஸ்டார்னு ஒரு பெரிய பரிசோதனை நடந்துச்சு, க்ளாஸ் சைஸ் பத்தி பாக்க பிள்ளைங்களையும் டீச்சர்களையும் குலுக்கல் முறையில சேர்த்தாங்க. அந்த பிள்ளைங்களை பல வருஷம் கழிச்சு தேடி பாத்தப்போ, கிண்டர்கார்டன்ல இருந்து 3-ஆம் வகுப்புக்குள்ள ஒரே ஒரு கறுப்பின டீச்சர் கிடைச்ச கறுப்பின பிள்ளைங்க ஹைஸ்கூல் முடிச்சது 13 சதவீதம் அதிகம், காலேஜ்ல சேர்ந்தது 19 சதவீதம் அதிகம். ஒரே ஒரு டீச்சர், அவ்வளவுதான். ஆனா நாடு முழுக்க அரசு பள்ளி டீச்சர்கள்ல கறுப்பினத்தவங்க 6, 7 சதவீதம்தான், பிள்ளைங்கள்ல அவங்க 15 சதவீதம் கிட்ட. கறுப்பின ஆண் டீச்சர்னா 100-க்கு 2 பேர் கூட கிடையாது.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை சொல்லாம தாண்ட முடியல. "அவங்க டீச்சர் வேலைக்கே வர்றதில்ல"ன்னு கமிட்டியிலயே ஒருத்தர் சொன்னார். வந்தாங்க, வெளிய அனுப்பிட்டாங்க. 1954-ல சுப்ரீம் கோர்ட்டோட ப்ரவுன் தீர்ப்பு வந்து, கறுப்பினத்தவங்களுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் தனித்தனியா இருந்த பள்ளிகளை ஒண்ணாக்க சொன்னப்போ மூடினதெல்லாம் கறுப்பின பள்ளிகளைத்தான், அங்க இருந்த டீச்சர்களையும் பிரின்சிபல்களையும் வெள்ளைக்கார பள்ளிகள் எடுத்துக்கல, தெற்கிலயும் எல்லை மாநிலங்கள்லயும் சேர்த்து 17 மாநிலங்கள்ல அடுத்த பத்து வருஷத்துக்குள்ள சுமார் 38,000 பேர் வேலை இழந்தாங்கன்னு கணக்கு. அந்த வழக்கு கிளம்பின கான்சாஸ் டொபீகாவுலயே, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி 1953-லயே, சில கறுப்பின டீச்சர்களுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காதுன்னு லெட்டர் போயிடுச்சு. அப்புறம் 2005-ல கத்ரீனா புயல் முடிஞ்சதும் நியூ ஆர்லியன்ஸ்ல 7,000 பள்ளி ஊழியர்களை மொத்தமா வேலையை விட்டு எடுத்தாங்க, அப்ப டீச்சர்கள்ல 71 சதவீதமா இருந்த கறுப்பினத்தவங்க 2014-ல 50 சதவீதத்துக்கும் கீழ வந்துட்டாங்க. அதனால புதுசா ஆள் தேடுறது பாதி வேலைதான், இருக்கிறவங்க ஏன் போனாங்க போறாங்கன்னு பாக்குறது இன்னொரு பாதி.

சட்டத்தையும் முதல்லயே பேசிடணும், ஏன்னா கமிட்டியில பாதி பேர் "இத்தனை பேரை எடுத்தே ஆகணும்னு ஒரு கோட்டா போட்டா என்ன"ன்னுதான் ஆரம்பிச்சாங்க. அது முடியாது. மிச்சிகன்ல ஜாக்சன் டிஸ்ட்ரிக்ட்ல லேஆஃப் (ஆள் குறைப்பு) வந்தா சிறுபான்மை டீச்சர்களை காப்பாத்தணும்னு யூனியன் காண்ட்ராக்ட்லயே போட்டிருந்தாங்க, 1986-ல சுப்ரீம் கோர்ட் அதை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நம்ம பக்கத்துலயே பிஸ்காட்டவே கதை இருக்கு, அங்க இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது. 1989-ல அந்த ஹைஸ்கூல் பிசினஸ் டிபார்ட்மென்ட்ல ஒருத்தரை குறைக்கணும், ரெண்டு டீச்சர்கள் ஒரே நாள்ல வேலைக்கு சேர்ந்தவங்க, சீனியாரிட்டி சமம், ஒருத்தர் வெள்ளைக்காரர், இன்னொருத்தர் அந்த டிபார்ட்மென்ட்ல இருந்த ஒரே கறுப்பின டீச்சர். டிபார்ட்மென்ட்ல பல இனத்தவங்க இருக்கணும்னு அவரை வச்சுக்கிட்டு மத்தவரை அனுப்பினாங்க, கேஸ் போச்சு, 1996-ல அப்பீல் கோர்ட் போர்டு பண்ணது தப்புன்னு சொன்னுச்சு, சுப்ரீம் கோர்ட் விசாரிக்கிறதுக்கு முன்னாடி 1997-ல 4,33,500 டாலர் குடுத்து சமாதானம் ஆனாங்க, அதுல பெரும்பங்கு சிவில் ரைட்ஸ் அமைப்புங்க போட்ட பணம், கேஸ் தோத்தா இந்த மாதிரி திட்டங்களை நாடு முழுக்க பாதிக்கும்னு அவங்களுக்கு பயம். ஆக இனத்தை பாத்து வேலை குடுக்கவோ வேலையை விட்டு அனுப்பவோ கூடாது. எங்க போய் தேடுறோம், எந்த தடையை எடுக்குறோம், வந்தவங்களை எப்படி நடத்துறோம், இது மூணும்தான் நம்ம கையில.

சரி, இப்ப ஒவ்வொண்ணா.

போர்டுக்கு ரொம்ப பிடிச்சது சைனிங் போனஸும் (வேலைக்கு சேரும்போதே குடுக்குற தொகை) எச்பிசியூ பயணமும். எச்பிசியூன்னா கறுப்பின மாணவர்களுக்காகவே வரலாற்றுல தொடங்கின காலேஜ்கள், நாட்டுல சுமார் 100 இருக்கு, நமக்கு பக்கத்துல பென்சில்வேனியாவுல செய்னி 1837-ல தொடங்கினது, எல்லாத்துக்கும் மூத்தது, ஆரம்பத்துல இருந்தே டீச்சர்களை உருவாக்கின இடம். அங்க போய் உறவு வளர்க்கிறது நல்ல விஷயம்தான், ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் மேசை போட்டு பேனா குடுத்துட்டு வர்றது உறவு இல்ல. அந்த பிள்ளைங்களுக்காக தெற்குல இருந்தெல்லாம் டிஸ்ட்ரிக்ட்கள் வந்து நிக்குது, எங்க ஊர் வாடகையை பாத்தா போனஸ் நாலு மாசத்துல கரைஞ்சிடும். போனஸ் வாங்கினவங்க ரெண்டாவது வருஷம் இருப்பாங்களான்னும் யாரும் உறுதி குடுக்க முடியாது.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது வேற ஒண்ணு. 2017-ல ஒரு பெரிய டிஸ்ட்ரிக்டோட அப்ளிகேஷன்களை எடுத்து ஆராய்ஞ்சாங்க. விண்ணப்பிச்சவங்கள்ல கறுப்பினத்தவங்க 13 சதவீதம், வேலை கிடைச்சவங்கள்ல 6 சதவீதம். வெள்ளைக்காரங்க விண்ணப்பிச்சவங்கள்ல 70 சதவீதம், வேலை கிடைச்சவங்கள்ல 77 சதவீதம். கதவை தட்டினவங்களை உள்ள விடாம வெளியூருக்கு போய் ஆள் தேடினா என்ன அர்த்தம்? அதனால போனஸுக்கு முன்னாடி எங்க டிஸ்ட்ரிக்ட்டோட கடைசி மூணு வருஷ அப்ளிகேஷனை எடுத்து, யார் எந்த கட்டத்துல நின்னாங்கன்னு பாக்க சொல்லணும். இதுக்கு காசே வேண்டாம். அதே மாதிரி வேலைக்கு எடுக்குற நேரம். நல்ல ஆளுங்க மார்ச், ஏப்ரல்ல கையெழுத்து போட்டுடுறாங்க, நாம ரிடையர் ஆகுறவங்க பேப்பர் வந்து பட்ஜெட் முடிஞ்சு ஜூலையில கூப்பிட்டா மிச்சம் இருக்கிறவங்கதான் வருவாங்க. ரிடையர் ஆகுறதை ஜனவரியிலயே சொல்றவங்களுக்கு ஒரு சின்ன தொகை குடுத்தா நமக்கு ரெண்டு மாசம் கிடைக்கும், போனஸ் காசுல ஒரு துளி கூட அதுக்கு ஆகாது.

டீச்சர் லைசன்ஸுக்கான டெஸ்ட்டை குறைக்கிறது அடுத்த வழி. இது நம்ம டிஸ்ட்ரிக்ட் கையில இல்ல, மாநிலம் கையில. நியூ ஜெர்சி 2022 கடைசியில எட்டிபிஏவை (பாடம் நடத்துறதை வீடியோ எடுத்து அனுப்புற மதிப்பீடு) நீக்கிடுச்சு, 2025 ஜனவரியில இருந்து பேசிக் ஸ்கில்ஸ் டெஸ்ட்டும் கிடையாது, பாட அறிவு டெஸ்ட் ப்ராக்சிஸ் மட்டும் இன்னும் இருக்கு. 2019-ல வந்த கணக்குப்படி தொடக்கப்பள்ளி டெஸ்ட்டை திரும்ப திரும்ப எழுதியும் பாஸ் பண்ண கறுப்பினத்தவங்க 38 சதவீதம்தான், வெள்ளைக்காரங்க 75. டெஸ்ட்டே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், கணக்கு தெரியாத ஒருத்தர் கணக்கு சொல்லி குடுக்க கூடாது. ஆனா டெஸ்ட் ஃபீஸையும் ரெண்டு மாச கோச்சிங்கையும் டிஸ்ட்ரிக்ட் ஏத்துக்கிட்டா ஆகுற செலவு ரொம்ப கம்மி, இதை தனி திட்டமா இல்லாம கீழ சொல்ற வழியோட சேர்த்துக்கலாம்.

ரெசிடென்சி. டாக்டருங்க ஹாஸ்பிடல்ல பழகுற மாதிரி ஒரு முழு வருஷம் நல்ல டீச்சர் ஒருத்தர் கூடவே க்ளாஸ்ல நின்னு கத்துக்கிறது, கைக்கு ஸ்டைபண்ட் (உதவித்தொகை) வரும். பாஸ்டன்ல 2003-ல தொடங்கினாங்க. அதை ஆராய்ஞ்சவங்க சொன்னது, மத்த புது டீச்சர்களை விட இதுல பல இனத்தவங்க அதிகம், அஞ்சாவது வருஷம் வரைக்கும் தங்குறவங்களும் அதிகம். கணக்குல ஆரம்பத்துல கொஞ்சம் பின்தங்கினாங்க, நாலு அஞ்சு வருஷத்துல மூத்தவங்களையே முந்திட்டாங்க. தெற்கு கரோலினாவுல க்ளெம்சன் பல்கலைக்கழகம் 2000-ல தொடங்கின கால் மீ மிஸ்டர் கறுப்பின ஆண்களை தொடக்கப்பள்ளி டீச்சராக்குற திட்டம், ஃபீஸ் உதவி, ஒரே பேட்ச்சா சேர்ந்து படிக்கிறது, அப்புறம் எத்தனை வருஷம் உதவி வாங்கினாங்களோ அத்தனை வருஷம் மாநில பள்ளியில வேலை. இதெல்லாம் அருமையான வழிதான், ஆனா நம்ம தொகையில ஒரு வருஷத்துக்கு நாலஞ்சு பேருக்கு ஸ்டைபண்ட் குடுத்தாலே தீர்ந்துடும். மத்திய அரசு கிராண்ட்டை நம்பி தொடங்கலாம்னா, 2025 பிப்ரவரியில கல்வித்துறை டீச்சர் பயிற்சிக்கான 600 மில்லியன் டாலர் கிராண்ட்டை ஒரே அடியா நிறுத்திடுச்சு, எட்டு மாநிலங்கள் கேஸ் போட்டு அந்த நிறுத்தத்துக்கு வாங்கின தடையை ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் நீக்கி, நிறுத்தத்தை தொடர விட்டுடுச்சு. நடுவுல பணம் நின்னா பாதி படிப்புல நிக்கிற பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?

இப்ப நான் மனசு வச்ச வழி. நம்ம ஸ்கூலுக்குள்ளயே இருக்கிற எய்ட்களை (க்ளாஸ்ல டீச்சருக்கு உதவியா இருக்கிறவங்க) டீச்சராக்குறது.

எங்க சின்னவன் கிண்டர்கார்டன்ல இருந்தப்போ க்ளாஸ்ல ஒரு எய்ட் இருந்தாங்க, கறுப்பினத்தவங்க, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், பதினோரு வருஷமா அதே ஸ்கூல். காலையில பஸ் வந்து நிக்கும்போது யார் அழுதுட்டு இறங்குறான், யார் சாப்பிடாம வந்திருக்கான்னு முகத்தை பாத்தே சொல்லிடுவாங்க, ஏப்ரன் பாக்கெட்ல எப்பவும் ரெண்டு கிரானோலா பார் இருக்கும். ஒரு நாள் நான் வாலண்டியரா போயிருந்தேன், ஒரு பையன் ஏழையும் ஒண்ணையும் மாத்தி மாத்தி எழுதிட்டு அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு. டீச்சர் அந்த பக்கம் ரீடிங் குரூப்ல இருந்தாங்க. இவங்க பக்கத்துல தரையில உக்காந்து, அவன் ஷூ லேசை அவிழ்த்து மேசை மேல ஏழு மாதிரி வளைச்சு வச்சு, "விரலால இது மேல ஓட்டு"ன்னாங்க. மூணு தடவை ஓட்டினான், நாலாவது தடவை பென்சிலை எடுத்து தானா எழுதினான். லேசை திரும்ப கட்டிவிட்டு எழுந்து போயிட்டாங்க. இவங்க டீச்சர் இல்லையாம்.

ஏன் டீச்சர் ஆகலன்னு பிறகு ஒரு தடவை கேட்டேன். கம்யூனிட்டி காலேஜ்ல 60 கிரெடிட் (டிகிரியில சுமார் பாதி) முடிச்சிருக்காங்க, மிச்சத்தை ராத்திரி க்ளாஸ்ல முடிக்க முடியும், ஆனா கடைசியில ஒரு முழு செமஸ்டர் ஸ்டூடண்ட் டீச்சிங் பண்ணணும், சம்பளம் கிடையாது, எங்க டிஸ்ட்ரிக்ட்ல எய்ட் வேலையை விட்டுட்டுத்தான் அதை பண்ண முடியும், வேலை போனா இன்ஷூரன்ஸும் போகும், வீட்ல சர்க்கரை வியாதியோட அம்மா. "நாலு மாசம் நான் எதை வச்சு வாடகை கட்டுறது?"ன்னு கேட்டாங்க. தினமும் அதே க்ளாஸ்ல செய்ற வேலையை சம்பளம் இல்லாம செஞ்சு காட்டினாத்தான் டீச்சராம். கடனும் வாங்க பயப்படுறாங்க, அந்த பயத்துல நியாயம் இருக்கு. டிகிரி முடிச்சு நாலு வருஷம் கழிச்சு பாத்தா கறுப்பின பட்டதாரிங்க தலையில சராசரியா 53,000 டாலர் கடன், வெள்ளைக்காரங்க தலையில 28,000.

இந்த வழியை மத்தவங்க பண்ணி பாத்திருக்காங்க. சிகாகோவுல லோகன் ஸ்கொயர் பக்கம் பெற்றோர்கள் ஸ்கூலுக்கு உதவிக்கு வந்து அப்புறம் டீச்சர் படிப்பு படிக்க தொடங்கினாங்க, அதை பாத்து இல்லினாய்ஸ் 2004-ல சட்டமே போட்டுச்சு. டென்னசியில க்ளார்க்ஸ்வில் டிஸ்ட்ரிக்டும் ஆஸ்டின் பீ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துற திட்டத்தை 2022 ஜனவரியில மத்திய தொழிலாளர் துறை அப்ரெண்டிஸ்ஷிப்பா பதிவு பண்ணுச்சு, டீச்சர் வேலைக்கு நாட்டுலயே அதுதான் முதல். எலெக்ட்ரீஷியன் பழகுற மாதிரி சம்பளத்தோட பழகி டீச்சர் ஆகுறது. இதுல இனம் பாத்து யாரையும் எடுக்கல, எய்ட் வேலையில இருக்கிற எல்லாருக்கும் திறந்தது, ஆனா டீச்சர்களை விட எய்ட்கள்ல கறுப்பினத்தவங்க அதிகம்ங்கிறதால பலன் தானா வரும், கோர்ட்லயும் நிக்கும். ஊரை விட்டும் போக மாட்டாங்க, வீடு, அம்மா, சர்ச் எல்லாம் இங்கதான். குறை என்னன்னா நேரம். இன்னைக்கு தொடங்கினா முதல் டீச்சர் க்ளாஸ்ல நிக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும், போர்டு எலெக்‌ஷன் அதுக்கு முன்னாடியே வந்துடும்.

கடைசியா, இருக்கிறவங்களை தக்க வைக்கிறது. 2012-13 கணக்குல ஒரே வருஷத்துல ஸ்கூலை மாத்தினவங்களும் வேலையை விட்டவங்களும் கறுப்பின டீச்சர்கள்ல 22 சதவீதம், வெள்ளைக்கார டீச்சர்கள்ல 15. சம்பளம்தான் காரணம்னு நாம நினைப்போம், ஏழை பிள்ளைங்க இருக்கிற ஸ்கூல் கஷ்டம்னு நினைப்போம். டீச்சர் வேலையை பத்தி ஆராயுற பேராசிரியர் ரிச்சர்ட் இங்கர்சால் வருஷக்கணக்கா நாடு முழுக்க இருக்கிற தகவலை வச்சு பாத்ததுல முக்கியமா வந்தது வேற: ஸ்கூல் முடிவுகள்ல தன் பேச்சுக்கு இடமில்ல, தன் க்ளாஸ்ல தனக்கு சுதந்திரம் இல்ல.

இதை நான் நேர்லயே பாத்தேன், ஸ்கூல் பேர் வேண்டாம். ஒரு மிடில் ஸ்கூல்ல ஒரே ஒரு கறுப்பின ஆண் டீச்சர், சயின்ஸ் எடுப்பார். மத்த க்ளாஸ்ல எந்த பையன் சத்தம் போட்டாலும், அதுவும் கறுப்பின பையன்னா, "அவர் ரூமுக்கு போ". அவர் லேப் நடத்திட்டு இருக்கும்போது பின்னாடி மூணு நாற்காலியில வேற க்ளாஸ் பசங்க உக்காந்திருப்பாங்க, லஞ்ச்லயும் அவங்களோடதான். புது சிலபஸ் கமிட்டிக்கு ஆள் எடுத்தப்போ அவரை கூப்பிடல, கலாச்சார நாள்னா மட்டும் கூப்பிட்டாங்க. நாலாவது வருஷம் கிளம்பிட்டார். பெரிய டிஸ்ட்ரிக்ட்ல ஒரு டீச்சர் போனா புதுசா ஒருத்தரை தேடி பழக்க 20,000 டாலருக்கு மேல ஆகும்னு ஒரு கணக்கு இருக்கு, அந்த காசு இப்படித்தான் ஒழுகி போகுது.

இந்த வழியில என் கணிப்பு என்னன்னா, இதுக்கு தேவை காசை விட பிரின்சிபலோட நேரமும் மனசும். மிசௌரி, டென்னசி ரெண்டுலயும் பாத்தப்போ பிரின்சிபல் கறுப்பினத்தவரா இருக்கிற ஸ்கூல்ல கறுப்பின டீச்சர்களை வேலைக்கு எடுக்கிறதும் அவங்க தங்குறதும் அதிகம். மத்த டீச்சர்களோட டிசிப்ளின் வேலையை ஒருத்தர் தலையில கட்ட கூடாதுன்னு ஒரு ரூல், ஒரே ஸ்கூல்ல ஒத்தையா விடாம ரெண்டு மூணு பேரா சேர்த்து போடுறது, வேற ஸ்கூல் கறுப்பின டீச்சர்களோட மாசம் ஒரு தடவை வேலை நேரத்துக்குள்ளயே கூடுறதுக்கு சப்ஸ்டிட்யூட் (அன்னைக்கு க்ளாஸை பாத்துக்க மாத்து டீச்சர்), போறவங்க கிட்ட வெளியாள் ஒருத்தர் பேசி ஏன்னு கேக்குறது. இதுல செலவுன்னா சப்ஸ்டிட்யூட் காசும் அந்த வெளியாள் ஃபீஸும்தான்.

அதனால நான் எழுதி குடுக்க போறது இப்படி. அப்ளிகேஷன் ஆய்வும் ஜனவரி நோட்டீஸும் உடனே. தக்க வைக்கிற வேலை இந்த செப்டம்பர்லயே தொடங்கணும், தொகையில கால் பங்கு போதும், ஏன்னா அது சரியாகாத கட்டடத்துக்குள்ள யாரை கொண்டு வந்து விட்டாலும் அந்த சயின்ஸ் டீச்சர் மாதிரி போயிடுவாங்க. மிச்சம் முக்கால் பங்கும் எய்ட்களுக்கு: மீதி படிப்பு ஃபீஸ், டெஸ்ட் ஃபீஸ், கோச்சிங், ஸ்டூடண்ட் டீச்சிங் செமஸ்டருக்கு முழு சம்பளம். ரெசிடென்சி இப்ப வேண்டாம், பக்கத்து காலேஜ் யாராவது செலவை பகிர்ந்துக்க வந்தா அப்ப பேசலாம். போனஸ் வேண்டவே வேண்டாம். கமிட்டியில ரெண்டு பேர் போனஸ்தான் சீக்கிரம் பலன் தரும்னு சொல்றாங்க, செப்டம்பர்ல க்ளாஸ்ல ஆள் நிக்கணும்ங்கிற அவங்க கவலை எனக்கும் இருக்கு, ஆனா அந்த ஆள் அடுத்த செப்டம்பர்லயும் நிக்கணும் இல்ல?

நான் எழுதுற பேப்பர்ல முதல் வரியா அந்த ஒரு செமஸ்டர் சம்பளத்தையும் இன்ஷூரன்ஸையும்தான் போட்டிருக்கேன். எங்க டிஸ்ட்ரிக்ட்ல எத்தனை எய்ட்கள் 60 கிரெடிட் தாண்டியிருக்காங்கன்னு எச்ஆர்ல கேட்டு ரெண்டு வாரம் ஆச்சு, அப்படி ஒரு லிஸ்ட் இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல, இப்பதான் எடுக்குறோம்னு பதில் வந்திருக்கு.